கேசட்டில் இருந்த வீடு

பழைய வானொலி நாடகம் ஒன்றின் ஒலிப்பதிவு சில மாதங்களாக எங்கள் பக்கம் செல்போன் விட்டு செல்போன் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ வீட்டில் கேசட்டில் பிடித்து வைத்திருந்தது. இப்போது கேட்டால் கேசட் என்றே தோன்றாது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்த மாதிரி அத்தனை துலக்கம். கேட்டவர்கள் எல்லாரும் செய்தவரைப் புகழ்கிறார்கள். புகழத்தான் வேண்டும், உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்தப் பதிவின் அழுக்கான வடிவத்தையும் நான் கேட்டிருக்கிறேன். அந்த நாடகத் தொடரின் 35 ஆண்டு நிறைவுக்காக நேயர்களும் குரல் கொடுத்தவர்களும் சந்தித்த கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து இந்த விஷயம் மனதில் அடங்க மாட்டேன் என்கிறது. எந்தத் தொடர், எந்த நிலையம், யார் யார் நடித்தது என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. வந்திருந்த கலைஞர்களில் இரண்டு பேர் தங்கள் பெயர் இணையத்தில் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டு வளர்ந்தவர்களுக்கு எப்படியும் பிடிபட்டுவிடும்.

கூட்டம் நாகர்கோவிலில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடியில். நடத்தியவர்கள் நேயர்கள்தான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தக்கலையில் தையல்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், இரண்டு மூன்று டீச்சர்மார். குளச்சல், கருங்கல், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். ரசவடையும் ஏத்தங்காய் சிப்ஸும் சுக்குக்காப்பியும் இருந்தன. சினிமாக்காரர்கள் வந்தால் வாசலிலேயே கூட்டம் மொய்க்கும். இங்கே கலைஞர்கள் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் யாருக்கும் தெரியவில்லை. முகம் தெரிந்தால்தானே? வடைக்காக நின்ற வரிசையில் வயதான ஒருவர் பின்னாலிருந்து, "தண்ணி எங்க வச்சிருக்கு மக்களே?" என்று கேட்டார். முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நாடகத்தில் மூத்த அண்ணன் அவர். தங்கையின் பங்கை எழுதி வாங்கப் பார்க்கிற அண்ணன். ஒரு அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள எங்க வீட்டுல எவ்வளவு ஏசியிருக்கோம் தெரியுமா?" என்றார். அவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்து நின்றார்.

இந்த மாவட்டத்து வானொலிப் பெட்டிகளின் கதை கொஞ்சம் தனி. 1943-இல் தொடங்கிய திருவனந்தபுரம் நிலையம் மேற்கே, 1963-இல் வந்த திருநெல்வேலி நிலையம் வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் மலையாள நாடகம், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் நெல்லைத் தமிழ், ராத்திரியானால் இலங்கையிலிருந்து கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும். எங்கள் பேச்சு மட்டும் எதிலும் வராது. 1984 அக்டோபர் 30-ஆம் தேதி நாகர்கோவிலில் நிலையம் திறந்தார்கள். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். நம் வீட்டில் பேசுகிற மாதிரியே ரேடியோவில் பேசுவார்கள் என்பது அந்தக் காலத்துக் கிழவிகளுக்கு நம்ப முடியாத காரியமாக இருந்தது. குமரிப் பேச்சில் வந்த நாடகங்களை இங்குள்ளவர்கள் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். கதை சுமாரான கதைதான். குரல்தான் பக்கத்து வீட்டுக் குரல்.

அவர்கள் எங்களிடம் கேட்டது

இப்படிப்பட்ட சந்திப்புகளில் நேயர்கள் என்ன கேட்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வசனத்தை ஒருதடவை சொல்லுங்கள், அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டுங்கள். அதெல்லாம் நடந்தது, அவர்களும் மனம் கோணாமல் செய்தார்கள். நான் எதிர்பார்க்காதது, கலைஞர்களிடமும் எங்களுக்கான கேள்விகள் இருந்தன என்பது. தங்கையாகக் குரல் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. டீச்சர் என்றே எழுதுகிறேன். அவர் நாற்காலி நாற்காலியாகப் போய், "நீங்க எங்க இருந்து கேட்டிய? எந்த ரூம்ல ரேடியோ இருந்து?" என்று விசாரித்தார். ஊர் பெயரோடு விடவில்லை, அடுக்களையா திண்ணையா என்பது வரைக்கும் கேட்டார். ரப்பர் சீட் அடிக்கிற கொட்டகையில், ஆணியில் மாட்டிய டிரான்சிஸ்டரில் கேட்டதாக ஒருவர் சொன்னார். முட்டத்துக்காரர் ஒருவர் வலை பொத்துகிற இடத்தில் என்றார். கருங்கல் பக்கத்து அம்மா ஒருவர் வீட்டில் ரேடியோவே கிடையாது. மறுநாள் காலையில் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும்போது கூட இருந்த அக்கா கதையைச் சொல்லித் தருவாராம். அந்த அக்கா சொன்னதைக் கேட்டுத்தான் முழுத் தொடரும் அவருக்குத் தெரியும். டீச்சர் அவர் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இத்தனை விசாரிப்பு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நான் அவர்களுடைய பக்கத்தைப் புரிந்துகொண்டேன். மேடை நாடகத்தில் எதிரே ஆள் இருப்பார்கள். சிரித்தால் கேட்கும், எழுந்து போனால் தெரியும். வானொலி நாடக ஸ்டுடியோவில் எதிரே மைக் மட்டும்தான். சுவர் முழுக்க ஓட்டை போட்ட பலகை, கனமான கதவு, கீழே கம்பளம், சத்தம் எதிரொலிக்காத இடம். காலையில் ஒத்திகை, மத்தியானம் பதிவு. காகிதம் சரசரக்கக்கூடாது என்பதால் வசனத்தாள்களைச் சேர்த்துக் குத்தியிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டாமல் சத்தமில்லாமல் கீழே நழுவ விடவேண்டும், அது கம்பளத்தில் போய் விழும். கோபித்துக்கொண்டு வெளியே போகிற காட்சி என்றால் பேசிக்கொண்டே முகத்தைத் திருப்பி மைக்கை விட்டு விலகிப் போகவேண்டும், நாலடி போனால் கேட்பவருக்கு அது தெருமுனை. கதவுச் சத்தத்துக்கு ஒரு மூலையில் சட்டத்தோடு நிற்கிற தனிக் கதவு, அதில் தாழ்ப்பாள், பூட்டு, மணி எல்லாம் இருக்கும். இவ்வளவையும் செய்துவிட்டு, செக்கை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, மறுநாள் பள்ளிக்கூடம். ஒலிபரப்பாகிற ராத்திரி அவர் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார், சில நாள் கரண்டும் இருக்காது. "பேசினது மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டது எப்படி இருந்துன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். கடிதங்கள் வந்தன, உண்மைதான். கடிதம் எழுதுகிறவர் கேட்டு முடித்து, யோசித்து, நல்ல தமிழில் எழுதுகிறார். கேட்கிற நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது கடிதத்தில் வராது.

திருவட்டாறு கேசட்

தொடரின் மூலப் பதிவுகள் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் வானொலி நிலையங்கள் கால் அங்குல அகல ஸ்பூல் டேப்பில் பதிந்தன. டேப் விலை அதிகம், ஒலிபரப்பு முடிந்தால் அழித்து அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வது உலகம் முழுக்க இருந்த வழக்கம். ஆக, மிஞ்சியது நேயர்கள் வீட்டில் பிடித்ததுதான். கூட்டத்துக்குத் திருவட்டாறு பக்கமிருந்து வந்த ஒரு அக்கா கொடுத்த கேசட்டில் முக்கியமான அத்தியாயம் ஒன்று இருந்தது. அவருடைய மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது கேசட் மட்டும் ஓடுகிற டேப் ரெக்கார்டர், அதில் ரேடியோ கிடையாது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் செட்டாக இருந்தால் ரேடியோ ஒலி உள்ளுக்குள்ளேயே நேராக டேப்புக்குப் போய்விடும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், மேசையில் ரேடியோவை வைத்து, அதற்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, சிவப்புப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கினார்கள். செட்டிலேயே இருந்த சின்ன மைக் ரேடியோவையும் கேட்டது, வீட்டையும் கேட்டது.

ஒலித் தொழில் தெரிந்த ஒரு தம்பி அதைக் கணினிக்கு மாற்றிச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தார். முதலில் அதைத்தான் போட்டார்கள். எல்லாரும் காத்திருந்த காட்சி: அண்ணன் பத்திரத்தை நீட்டி, "அப்போ நீ கையெழுத்துப் போட மாட்ட, அப்படித்தானே?" என்று கேட்கிறார். தங்கை பதில் பேசவில்லை. ஆறேழு வினாடி மௌனம். வானொலியில் அது பெரிய நேரம். பெட்டி நின்றுபோச்சோ என்று ஜனங்கள் தட்டிப் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக எந்தத் தயாரிப்பாளரும் அவ்வளவு மௌனத்தை விடமாட்டார். இந்தத் தயாரிப்பாளர் விட்டார். சுத்தம் செய்த பதிவில் அந்த ஆறேழு வினாடியும் துளி சத்தம் இல்லாத வெறுமை. மண்டபம் கை தட்டியது.

தட்டல் அடங்கினதும் அந்த அக்கா எழுந்து நின்று, "இதுல எங்க அம்மச்சி இல்லியே தம்பி" என்றார்.

தம்பிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நல்லவேளை, மாற்றியெடுத்த முதல் கோப்பை அவர் மடிக்கணினியில் வைத்திருந்தார். அதையும் போட்டார். முதலில் ஓட்டு மேல் பெய்கிற மழை. அதற்குள்ளிருந்து அண்ணன், தங்கை குரல்கள், கொஞ்சம் கம்மலாக. பக்கத்தில் எங்கேயோ டக் டக் என்று பாக்கு இடிக்கிற சத்தம், காட்சி நெடுக விடாமல். அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். பாக்கு இடிப்பது நின்றது. மழை பக்கத்தில் வந்த மாதிரி உயர்ந்தது. அந்த மௌனத்துக்குள் ஒரு கிழவியின் குரல், மெதுவாக, அவசரப்படாமல் சொன்னது: "போடாத மக்ளே. போட்டா நீ தெருவுலதான்."

யாரும் கை தட்டவில்லை. டீச்சர் இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் கேட்டுவிட்டு அக்காவிடம் கேட்டார்: "நான் அடுத்த வாரம் போட்டுட்டேனே. அம்மச்சி என்ன சொன்னா?" அக்கா சொன்னார்: "ரெண்டு வாரம் ரேடியோவ வைக்க விடல்ல டீச்சர். சொன்னா கேக்காதவ கதைய நான் எதுக்குக் கேக்கணும்னு சொல்லிட்டா." டீச்சர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அம்மச்சியின் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், எந்த வருஷம் இறந்தார் என்று கேட்டார். ஒலி விளைவு செய்த பெரியவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து, அந்தக் காட்சிக்குத் தான் மழையே போடவில்லை என்று சொன்னார். "போட்டிருக்கணும். இப்பதான் தெரியுது" என்றார்.

மௌனத்தில் வீடு ஏன் உயர்கிறது

அம்மச்சியின் குரல் அத்தனை தெளிவாக விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சின்ன டேப் ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானாகச் சரிசெய்கிற ஒரு சுற்று இருக்கும். முன்னால் சத்தம் அதிகமாக இருந்தால் அது மைக்கின் கூர்மையைக் குறைக்கும், சத்தம் குறைந்தால் கூட்டும். நாடகத்தில் ஆட்கள் பேசுகிற வரைக்கும் வீடு அமுங்கிக் கிடக்கிறது. பேச்சு நின்ற உடனே அந்தச் சுற்று, சத்தம் போதவில்லை என்று மைக்கைத் திறந்துவிடுகிறது. எந்தெந்த இடத்தில் நாடகம் மௌனமாகிறதோ அந்தந்த இடத்தில் வீடு முன்னால் வந்து நிற்கிறது. அதுவும், கேட்பவர்கள் வாயைத் திறப்பது எப்போது? நாடகம் வாயை மூடும்போதுதான். ஆகையால் இந்தப் பதிவுகளில் நேயர்கள் எங்கே பேசினார்களோ அங்கேதான் மைக் அகலத் திறந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனால் வானொலி கேட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சுத்தம் செய்கிற மென்பொருள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. பழைய முறையில், யாரும் பேசாத ஒரு துண்டை எடுத்து, இதுதான் இரைச்சல் என்று அதற்குக் காட்டவேண்டும். அந்த மாதிரி ஒலி எங்கே இருந்தாலும் அது கழித்துவிடும். புதிய முறையில் அதுவே யோசித்து, அருகில் பேசுகிற குரலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுகிறது. மழை இரைச்சல். பாக்கு இடிப்பது இரைச்சல். அறையின் மறுமூலையிலிருந்து, பல்லில்லாத வாயால், தணிந்து பேசுகிற எண்பது வயதுக் கிழவியும் அதன் கணக்கில் இரைச்சல்தான். தம்பியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மச்சி அதில் இருப்பதே அவருக்குத் தெரியாது. கோப்பைப் போட்டு, பட்டனை அமுக்கி, தங்கையின் குரல் துலங்கி வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

சுத்தமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டத்திலேயே ஒரு மாமா, மழைச்சத்தத்தில் தனக்கு வசனம் பாதி பிடிபடவில்லை, சுத்தம் செய்ததுதான் வேண்டும் என்றார். காது மந்தமானவர்களுக்கு அது பெரிய உதவி. அவர் ஆசைப்படுவது முழுக்க நியாயம். எனக்குள்ள அச்சம் வேறு. சுத்தமான பதிப்பு சின்னது, அனுப்ப லேசானது, கேட்க இனிமையானது. அதனால் அது பரவும். முதல் கோப்பு பெரியது. காப்பகங்கள் சொல்கிற 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஸ்டீரியோவாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி வரும். இடம் அடைக்கிறதே என்று ஒருநாள் யாராவது அதை அழிப்பார்கள், கேசட்டும் இங்குள்ள ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போகும். அப்புறம் அந்த மௌனம் எப்போதுமே வெறுமையாகத்தான் இருந்தது என்று ஆகிவிடும். ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ., பாதுகாப்புக்காக எடுக்கிற பிரதியில் எந்த மெருகும் ஏற்றக்கூடாது என்று வழிகாட்டுகிறது. அழகுபடுத்துவதெல்லாம் அதற்கடுத்த பிரதியில்தான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் 1960-களில் ஒளிபரப்பான ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் பல அத்தியாயங்களின் டேப்புகளை பிபிசி அழித்துவிட்டது. ஆனாலும் தொலைந்த அத்தியாயங்கள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது. வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்கள்தான் காரணம். 2001-இல் பிபிசியே பொதுமக்களிடம், உங்கள் பரணில் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு ஒரு முயற்சி தொடங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனம் நேயர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது என்றால், அண்டி ஆபீசிலும் ரப்பர் கொட்டகையிலும் கேட்டவர்களிடம் மிஞ்சியிருப்பதை நாம் எவ்வளவு கவனமாகக் கையாளவேண்டும்.

எங்கள் வீட்டில் யாரும் எதையும் பதியவில்லை. அம்மை அடுக்களையில் நின்றுகொண்டே கேட்பாள், இடையிடையே ஏதோ சொல்வாள். சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், என்ன சொன்னாள் என்பது ஒன்றுகூட ஞாபகமில்லை. நாடகத்தின் வசனம் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. அந்த அக்காவுக்கு இருப்பது எனக்கு இல்லை என்கிற ஏக்கமும் இந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் முடிந்தபின் தம்பியோடு வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேசிக்கொண்டே போனேன். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. நாடகம் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அவர்களுடைய வேலை தெளிவாகக் கேட்கவேண்டும் என்கிற உரிமை இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி. நடித்த டீச்சரே சுத்தம் செய்யாத கோப்பைத்தான் தன் செல்போனுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதை மட்டும் சொன்னேன். கடைசியில் இரண்டு விஷயங்களுக்கு ஒத்துக்கொண்டார். எந்தக் கேசட் வந்தாலும் முதல் கோப்பை அழிக்காமல் தனி ஹார்டு டிஸ்கில் இரண்டு பிரதியாக வைப்பார். திருவட்டாறு பதிவில் குரல் கொடுத்தவர்கள் பட்டியலில் கடைசியாக அம்மச்சியின் பெயரையும் சேர்ப்பார். கேசட் அக்காவிடமே இருக்கும்.

கருங்கல்லிலிருந்து இன்னும் சில கேசட்டுகள் அவரிடம் வந்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் இருந்தால், எடுத்த உடனே செட்டில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் அது டேப்பையும் கெடுக்கும், செட்டின் ஹெட்டையும் கெடுக்கும். உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கிற குட்டிப் பஞ்சு உதிர்ந்திருக்கலாம், அதை மாற்றவேண்டும். மேலே இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லும் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே எதுவும் பதியாது. யார் பதிந்தது, எந்த வீட்டில், அப்போது வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கேசட்டோடு வையுங்கள். தெரிந்த ஆளிடம் கொடுத்து அப்படியே, எதையும் தொடாமல், கணினிக்கு மாற்றச் சொல்லுங்கள். துடைக்கிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.